பால் பல்

"எங்கே, ஆ காட்டும்மா."

தையல் மெஷினை விட்டு நேராக வந்திருந்தாள் அந்தப் பெண். கன்னம் வீங்கியிருந்தது. கம்பெனி மருத்துவ அறை நாற்காலியில் அவள் கால் தரையைத் தொடவில்லை.

ஆடிக்கொண்டிருந்த பல்லை டாக்டர் ஒரே இழுப்பில் எடுத்துவிட்டார். எடுத்தவர் அதையே உற்றுப் பார்த்தார். வேரே இல்லை. பால் பல்! ஈறில் புதுப் பல் முளைத்துக்கொண்டிருந்தது.

"உனக்கு என்ன வயசு?"

"பதினெட்டு." மனப்பாடமாக வந்தது பதில்.

"நிஜத்தைச் சொல்லு. திட்ட மாட்டேன்."

"பன்னெண்டு..."

டாக்டருக்கு ரத்தம் கொதித்தது. அவர் மகளுக்கும் அதே வயதுதான். ஆள் எடுக்கும் அதிகாரியை உடனே வரச் சொன்னார். அதிகாரி அவளுடைய கோப்போடு ஓடி வந்தார்.

"பிள்ளைங்களை வேலைக்கு வைக்க மாட்டோம்னு வாசல்ல ஆளுயரத்துக்கு போர்டு! உள்ளே பன்னெண்டு வயசுக் குழந்தை! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களா?"

"சார், நான்..."

"பேசாதீங்க! பள்ளிக்கூடத்துல இருக்க வேண்டியவ. உங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லையா? வேலைக்கு எடுக்கிறப்போ கண்ணை எங்கே வச்சிருந்தீங்க?"

சத்தம் கேட்டுத் தையல் பெண்கள் கதவருகே கூடிவிட்டார்கள். டாக்டரின் குரல் இன்னும் ஏறியது. நாலு பேர் பார்க்க நியாயம் பேசுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

"இன்னைக்கே புகார் எழுதறேன். இவளை உள்ளே விட்டவன் எவனா இருந்தாலும் கம்பி எண்ண வைக்கிறேன்!"

அதிகாரி கோப்பைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். அந்தப் பெண்ணின் வயதுச் சான்று. மேலே சிவப்பு மையில் அவரே எழுதியிருந்தார்:

'பார்த்தால் சின்னப் பெண்ணாகத் தெரிகிறது. டாக்டர் பல்லைச் சோதித்துச் சொன்ன பிறகே வேலை.'

அதன் கீழே, 'சோதித்தேன். வயது பதினெட்டு.' பக்கத்தில் டாக்டரின் கையெழுத்து.

"எனக்கு அப்பவே மனசு கேக்கல சார். டாக்டர் நீங்களே சொல்லிட்டீங்களேன்னு நானும் சும்மா இருந்துட்டேன். என் மேலயும் தப்புதான்."

வெட்கத்தில் டாக்டரால் யாரையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. கதவருகே நின்றவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

அவர் ஏதோ மாட்டிக்கொண்டார் என்று மட்டும் சிறுமிக்குப் புரிந்தது. வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்:

"டாக்டரைத் திட்டாதீங்க சார். அன்னைக்கு அவர் போன்ல பேசிட்டிருந்தார். என்னை நிமிர்ந்தே பார்க்கல."