உறைபெட்டியில் சவரிமுத்து

சவரிமுத்துவை ஆறே நாளில் கொண்டுபோன காய்ச்சலுக்குப் பெயர் தெரியவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவன் ரத்தம் மட்டும் ஆய்வுக்கூடத்து உறைபெட்டியில் கொஞ்சம் தங்கிப்போனது. அது என்ன காய்ச்சல் என்று கண்டுபிடிக்கவே அவன் மனைவி அமலோற்பவம் அங்கே சோதனைக்குழாய் கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். கழுவிக்கொண்டே பிளஸ் டூ எழுதினாள், பிறகு டெக்னீஷியன் படிப்பையும் முடித்தாள். வீட்டையும் பிள்ளையையும் மாமியார் பார்த்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் வருடம், வெள்ளைக் கோட்டோடு, டாக்டரிடம் அனுமதி வாங்கி, புருஷனின் ரத்தத்தை அமலோற்பவம் தானே சோதித்தாள்.

எலிக்காய்ச்சல். "முதல் ரெண்டு நாள்ல வந்திருந்தா சாதாரண மாத்திரைக்கே கேட்டிருக்கும்மா," என்றார் டாக்டர்.

நான்கு நாள் அவனை ஆஸ்பத்திரிக்கு விடாமல் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தவள் மாமியார்தான்.

அன்று சோற்றைப் போட்டுவிட்டுக் கிழவி எதிரே உட்கார்ந்தாள். "ஏளா, எம்பிள்ளய எது கொண்டுபோச்சுன்னு தெரிஞ்சிச்சா?"

அமலோற்பவம் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "இல்ல, அத்த. ரத்தம் ரொம்பப் பழசாப் போச்சு."

கிழவி அவள் பக்கம் குழம்பை நகர்த்தினாள்.

"ரத்தம் மிச்சம் இருக்கும்லா? நாளைக்கு இன்னொருக்கா பாரு."