மண்ணில் விழுந்த பந்து

"இந்த ஆளையா பிடிச்சிட்டு வந்திருக்காங்க?"

வெர்ன் செய்தித்தாளைச் சாப்பாட்டு மேஜையில் விட்டெறிந்தார். ஒஹாயோவில் ஓர் ஊறுகாய் ஆலையில் மதிய இடைவேளை. ஏப்ரல் பிறந்துவிட்டால் அந்த மேஜையில் பேஸ்பாலைத் தவிர வேறு பேச்சு கிடையாது. லைன் மேற்பார்வையாளர் வெர்ன் உட்கார்ந்துவிட்டால் மணி அடித்த பிறகும் ஓயாது.

"யாரு, பிளங்கெட்டா?" என்றான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டெல். "ஃபர்ஸ்ட் பேஸ்ல நின்னு பந்தைப் பிடிக்க நம்ம டீம்ல ஆளில்லையே பாஸ்."

"அதுக்கு இவனா? முப்பத்திரண்டு வயசு. மூணு டீம் கழட்டி விட்ட ஆளு. நூறு தடவை மட்டையைப் பிடிச்சா இருபத்திரண்டு தடவைதான் அடிக்கிறான். போன வருஷம் ஹோம் ரன் எத்தனை தெரியுமா? ஆறு!"

எதிரே உட்கார்ந்திருந்த லொரைன் சாண்ட்விச்சை மென்று முடித்தாள். பெட்டி கட்டும் மேஜையில் முதல் ஆளாக நிற்பவள். அதிகம் பேசமாட்டாள், பேஸ்பால் என்றால் மட்டும் வாயைத் திறப்பாள்.

"அவன் அடிக்க வரல வெர்ன். பிடிக்க வந்திருக்கான்."

"பந்தைப் பிடிக்க எங்க அத்தை போதுமே!"

"நம்ம டீம் மரினோ எறியிறதை உங்க அத்தை பிடிச்சிருவாங்களா? ஷார்ட்ஸ்டாப் இடத்துல நின்னு ஃபர்ஸ்ட் பேஸுக்கு அவன் எறிஞ்சா பாதிப் பந்து மண்ணுலதான் விழுது. போன வருஷம் மட்டும் இருபத்தெட்டு தப்பு அவன் பேர்ல. இந்த பிளங்கெட் அதை மண்ணோட அள்ளிருவான். அள்ளிட்டா ஓடி வர்றவன் அவுட். மரினோ தப்பே பண்ணலைன்னு ஆயிரும்."

"அப்ப பிளங்கெட்டுக்குக் கணக்குல என்ன போடுவாங்க?" என்றார் வெர்ன்.

"தனியா ஒண்ணும் போட மாட்டாங்க. நேரா வந்ததைப் பிடிச்சாலும் மண்ணுல அள்ளினாலும் ஒண்ணுதான். விட்டுட்டா மட்டும் தப்பு எறிஞ்சவன் பேர்ல ஏறும்."

"அப்ப தினமும் மரினோதான் அவனுக்கு பீர் வாங்கிக் குடுக்கணும்!" என்றான் டெல்.

வெர்ன் சிரித்தார். "தப்பை அள்ள ஒரு ஆளு எதுக்குய்யா? தப்பே பண்ணாதவனை வைக்க வேண்டியதுதானே! நம்ம லைனைப் பாரு. நான் வந்து ஆறு வருஷம். ஒரு பாட்டில் கடையிலிருந்து திரும்பி வந்திருக்கா?"

லொரைன் சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மணி அடித்தது. அவள் உடனே எழுந்து போனாள். வெர்னும் டெல்லும் மரினோவைப் பற்றி இன்னும் பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் எழுந்தார்கள்.

வெர்ன் தன் வேலைகளை முடித்துக்கொண்டு, மேனேஜர் காலையில் கொடுத்திருந்த தாளைக் கையில் எடுத்தார். பெட்டி கட்டும் மேஜையில் ஓர் ஆளைக் குறைக்கிறார்களாம். சாயங்காலத்துக்குள் அவர் ஒரு பெயரை எழுதித் தரவேண்டும்.

யோசிக்க எதுவுமில்லை, லொரைன் பெயரை எழுதினார். மற்றவர்கள் நாளுக்கு முந்நூறு பெட்டி கட்டினால் லொரைன் இருநூற்று அறுபது. அதிலும் ஒரு விசித்திரம். குளிர்காலத்தில் சரியாகத்தான் கட்டுகிறாள், ஏப்ரல் வந்தால் இறங்குகிறது, அக்டோபரில் மறுபடி ஏறுகிறது. வெயில் வந்ததும் வேடிக்கை பார்க்கிறாள் என்று முடிவுகட்டினார் வெர்ன். ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டு நிற்பதை அவரே பார்த்திருக்கிறார்.

அவள் கணவன் ரே இதய நோயாளி. மருத்துவக் காப்பீடு இவள் வேலையை நம்பித்தான். வெர்னுக்குச் சங்கடமாக இருந்தது. முன்கூட்டி நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று அவளைத் தேடிப் போனார்.

லொரைன் காலிப் பெட்டி எடுக்கப் போயிருந்தாள். அவள் மேஜைக்கு அடியில் ஒரு வாளி. வெந்நீரில் நாற்பது, ஐம்பது பாட்டில்கள். மேலே மிதந்த லேபிள்களில் 'இனிப்பு' என்று இருந்தது.

ஒரு பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தார். அடியில் ஒரு சிவப்பு மிளகாய்.

அடுத்ததைக் கவிழ்த்தார் வெர்ன், அதிலும் மிளகாய். காலையில் இனிப்பு ஊறுகாய், மதியத்துக்கு மேல் காரம். இரண்டிலும் அதே வெள்ளரித் துண்டுகள், அதே பாட்டில். மணி அடித்ததும் லைன் தானாக ஓடத் தொடங்கிவிடும். அதற்குள் லேபிள் சுருளை மாற்றி வைக்க வேண்டியவர் அவர்தான். இன்று பத்து நிமிடம் கழித்துத்தான் மாற்றினார். நேற்றும் அப்படித்தான்.

"இதெல்லாம்... எத்தனை நாளா?"

பெட்டிகளோடும் 'காரம்' லேபிள்களோடும் வந்த லொரைன் திடுக்கிட்டு நின்றாள்.

"மேட்ச் நடக்கிற மாசம் மட்டும்தான்" என்றாள் மெதுவாக.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மணி அடிச்சதும் ஓடுவீங்க. உங்க சம்சாரம் டோரிஸ் தவறிப்போனதுக்கப்புறம் குளிர்காலம் பூரா நீங்க யார்கிட்டயும் பேசுறதில்ல வெர்ன். பேஸ்பால் வந்தாத்தான் உங்க முகத்துல சிரிப்பே வருது. பேசட்டும்னு விட்டுட்டேன்."

வெர்ன் கையிலிருந்த பாட்டிலை வாளிக்குள் வைத்தார். திரும்பி நடந்தார்.

சாயங்காலம் மேனேஜர் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கிறுக்கா உங்களுக்கு? பெட்டி கட்டுறவங்கள்ல ஒரு பேர் கேட்டா, லொரைன் பேரை அடிச்சிட்டு உங்க பேரை எழுதியிருக்கீங்க?"

"தப்பை எறிஞ்சவன் பேர்லதான் சார் போடணும்" என்றார் வெர்ன். "அள்ளினவ பேர்ல இல்ல."