அணைக்கக் கூடாத சுருட்டு

வாட்ச்மேனின் பீடியால்தான் அச்சகத்தில் தீப்பிடித்தது என்று மேனேஜர் சொன்ன கதையைப் புரூஃப் ரீடர் பத்தொன்பது வருஷமாக நம்பவில்லை.

மேனேஜரிடம் இதை நேராகக் கேட்டதும் இல்லை. மனைவியிடம் சொன்னார். பிறகு வேலைக்குச் சேர்ந்த இடங்களில் சொன்னார். மகளுக்கு விவரம் தெரிந்ததும் அவளிடமும் சொன்னார். தன் சுருட்டை மறைக்க ஓர் ஏழையின் தலையில் பழியைக் கட்டியவன் அந்த மேனேஜர் என்று. அவர் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் இவர் போவதில்லை.

தீப்பிடித்த அன்றைக்குப் புரூஃப் ரீடரின் மகள் பிறந்து மூன்றாம் நாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள். கப்பலில் வேலை செய்யும் மைத்துனன் கொடுத்த மூன்று கியூபா சுருட்டுகளை எதற்கோ பூட்டி வைத்திருந்தார் மேனேஜர். இதைவிட நல்ல நாள் இனி வராது என்று அன்று சாயங்காலம் எடுத்து வந்துவிட்டார். புரூஃப் ரீடருக்கு ஒன்று, மெஷின்மேனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

வெளியே நல்ல மழை. பைண்டிங் பகுதியில் உட்கார்ந்தே பற்ற வைத்தார்கள்.

மேனேஜர் பாடம் நடத்தினார். புகையை விழுங்கக் கூடாது, வாயில் வைத்திருந்து விட வேண்டும். நசுக்கி அணைக்கக் கூடாது, அது சுருட்டுக்கே அவமானம். வைத்துவிட்டால் தானாக அணையும். மெஷின்மேன் விழுங்கிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர இருமினான். “இதுக்குப் பேசாம லாரிக்குப் பின்னாடி போய் நிக்கலாம்,” என்றான்.

வாசனை பிடித்துக்கொண்டு வாட்ச்மேன் வந்தார். சுற்றிலும் காகிதம், வெளியே தாழ்வாரத்துக்குப் போங்கள் என்று பணிவாகச் சொன்னார்.

“நானே கேட்டுக்கு வெளியிலதான் பிடிக்கறேன் ஐயா.”

“உன் பீடியும் இதுவும் ஒண்ணாய்யா?” என்றான் மெஷின்மேன். மூன்று பேரும் சிரித்தார்கள். புரூஃப் ரீடர்தான் கடைசிவரை சிரித்தார்.

விடிந்தபோது பைண்டிங் பகுதி கரிக்கட்டையாக நின்றது. வாட்ச்மேன் உள்ளே பீடி பிடித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று முதலாளியிடம் சொன்னார் மேனேஜர். வாட்ச்மேனின் சட்டைப்பையில் பீடிக்கட்டு இருந்தது. அது போதுமாக இருந்தது.

வேலை போன பிறகும் ஒரு வாரம் அந்த ஆள் கேட்டருகே வந்து நின்றார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள் அவருக்கு. அந்த ஒரு வாரமும் புரூஃப் ரீடர் பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனார். கைக்குழந்தைக்காரன், வாயைத் திறந்தால் தன் வேலையும் போய்விடும் என்று பயம். வீட்டில் கதை சொல்லும்போது இந்தப் பின்வாசலை மட்டும் விட்டுவிடுவார்.

இப்போது மகள் சட்டம் படிக்கிறாள். நேராகப் போய்க் கேளுங்கள், அந்த வாட்ச்மேனைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று ஆறு மாதமாக அரித்தாள். அவளே வண்டியில் கொண்டுவந்து மேனேஜர் வீட்டு வாசலில் இறக்கினாள்.

“எங்க அப்பா மாதிரி ஒருத்தர் அன்னைக்குப் பேசியிருந்தா போதும்பா,” என்றாள்.

மேனேஜருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் கிடந்தார். குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டு, “வாடா மாப்ளே, வழி தெரிஞ்சுதா?” என்றார்.

புரூஃப் ரீடர் உட்காரவில்லை. “வாட்ச்மேன் உள்ள பீடி பிடிச்சதை நீ நிஜமாவே பாத்தியா?”

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இல்லை.”

அவ்வளவுதான், பத்தொன்பது வருஷமாக ஒத்திகை பார்த்ததையெல்லாம் புரூஃப் ரீடர் கொட்டித் தீர்த்தார். மனசாட்சி, ஏழையின் வயிறு, அந்தப் பெண்களின் படிப்பு, ஒன்றையும் விடவில்லை. உன் ஒரு சுருட்டுக்கு ஒரு குடும்பமா என்று கேட்டார்.

“என்னோடதை மழையிலயே வீசிட்டேன்,” என்றார் மேனேஜர். “மெஷின்மேன் இருமல் தாங்காம தண்ணி வாளியில போட்டுட்டான். நீதான் நான் சொன்னதை வேதவாக்கா எடுத்துக்கிட்டு, அணைக்காம பைண்டிங் மேசை ஓரத்துல வச்சே. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துது. அப்படியே ஓடினே. நானும் அதை மறந்துட்டுக் கதவைச் சாத்திட்டேன். அந்த மேசைக்கு அடியிலதான் தீ ஆரம்பிச்சிருந்துது.”

புரூஃப் ரீடர் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“யாராவது ஒருத்தன் பேரைச் சொல்லுன்னு முதலாளி என் தலைமேல நின்னார். பதினோரு வருஷம் கழிச்சுப் பொறந்த பிள்ளை, மூணு நாள் ஆகுது, அது அப்பனை எப்படிடா காட்டிக்கொடுக்கறது? அந்த ஆளுக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குன்னு அப்ப தோணலை. அப்புறம் தோணாத நாள் இல்லை. இந்தப் பாவம் என்னோட போகட்டும்னுதான் உன்கிட்ட சொல்லலை.”

வாசலில் மகள் ஹாரன் அடித்தாள்.

புரூஃப் ரீடர் போய் ஜன்னலைச் சாத்தினார். நாற்காலியை மேனேஜரின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“இது வேற யாருக்காவது தெரியுமா?”