இருபத்துமூன்று மெல்லிய வளையங்கள்

அண்ணன் குண்டூசி முனையை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழு. பதினெட்டு.

மேசை மேல் கிடந்தது வட்டமாக அறுத்த ஒரு மரத்துண்டு. எங்கள் ஆறு கிளம்புகிற மலையிலிருந்து வந்தது. வருடத்துக்கு ஒன்றாக நானூற்றுச் சொச்சம் வளையங்கள்.

நான்கு நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதைக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தேன். தூள் பறக்கக் கூடாது என்று மின்விசிறியைப் போடவில்லை. அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“இவ்வளவு படிச்சிட்டு, கடைசியில தச்சுப்பட்டறை வேலைதானா?” என்று உள்ளே வந்ததுமே கேட்டார்.

அவர் என்னைக் கிண்டல் செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. “நிலத்தை விட்டுட்டு வந்துடுங்கண்ணா” என்று நான் சொன்ன நாளோடு பேச்சே நின்றுபோயிருந்தது.

பாலத்துத் தூணில் நீர்மட்டம் பார்த்து எழுத ஆரம்பித்து எழுபது வருடம்தான். அதற்கு முன்னால் ஆற்றில் எவ்வளவு ஓடியது என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. மரத்தில் இருக்கிறது. தண்ணீர் நிறைய வந்த வருடம் வளையம் தீக்குச்சி கனம். வராத வருடம் தலைமுடி கனம். அதை அளந்து, ஆறு எப்படி ஓடியது என்று சொல்வது என் வேலை.

அந்த ஆற்றை நம்பித்தான் அண்ணனின் வயல். ஒன்பது வருடமாக ஆற்றில் மணல்தான் தெரிகிறது. கிணற்று மோட்டாரை மூன்று தடவை கீழே இறக்கிவிட்டார். இனி பாறைதான்.

அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் ஏழு மாதம். அண்ணியின் தம்பி அங்கே ஒரு கிடங்கில் இவருக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறான். திங்கட்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள், பிள்ளைகளை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடட்டுமா என்று அண்ணி கேட்டிருந்தார்.

அதற்காகத்தான் அண்ணன் இரண்டு பஸ் மாறி என்னிடம் வந்திருந்தார்.

“முன்னாடி எப்பவாச்சும் இப்படி நடந்திருக்கா? அதை மட்டும் சொல்லு.”

லென்ஸைக் கையில் கொடுத்து, நடுப்பகுதியில் ஓர் இடத்தைக் காட்டினேன். முந்நூறு வருடத்துக்கு முந்தைய வறட்சி. எண்ணிக்கையை நான் சொல்லியிருக்கலாம். அவரே எண்ணட்டும் என்று விட்டேன்.

இருபத்துமூன்றில் ஊசி நின்றது. அதற்கு அடுத்தது நல்ல தடித்த வளையம்.

“இருபத்துமூணு வருஷம்,” என்றார். “அப்புறம் தண்ணி வந்துடுச்சு.”

“வந்துச்சு.”

“மரம் தாங்கிடுச்சு.”

“தாங்கிடுச்சுண்ணா.”

பொய் சொல்லவில்லை. அந்த வறட்சியை அது தாங்கியது.

அண்ணன் ஊசியை மேசையில் வைத்தார். உள்ளங்கையால் அந்தத் தடித்த வளையத்தைத் தடவினார். மாட்டின் நெற்றியைத் தடவுகிற மாதிரி. பிறகு கைப்பேசியை எடுத்து, என் எதிரிலேயே அண்ணியைக் கூப்பிட்டார்.

“பள்ளிக்கூடத்துல சேர்க்காதே. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்துடு. ஆமா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். தங்கச்சி கண்ணு முன்னாடியே காட்டிட்டா.”

 அந்தப் பக்கம் சின்னவன் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டான். “ஊருக்காப்பா? ஊருக்கா?” என்று அவன் கத்தியது எனக்கே கேட்டது.

அண்ணன் சிரித்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சிரிப்பதைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

“மதியம் பஸ்ஸைப் பிடிச்சா பொழுதோட போய்ச் சேர்ந்துடலாம். வீட்டைப் பெருக்கி வைக்கணும்,” என்று எழுந்தார். சாப்பிடக்கூட நிற்கவில்லை.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். ரோட்டைத் தாண்டி நிறுத்தத்தில் நின்றவர், என்னைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினார். கூப்பிடு தூரம்தான். பஸ் வருவதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

நானும் கையை உயர்த்தினேன்.

உயிரோடு இருக்கிற மரத்தை நாங்கள் அறுப்பதில்லை. துளைபோட்டு, பென்சில் கனத்துக்கு ஒரு குச்சியை மட்டும் உருவிக்கொள்வோம். மரம் அது பாட்டுக்கு வளரும். முழு வட்டமாக அறுத்துக் கொண்டுவருவதென்றால், அது நின்ற நிலையிலேயே பட்டுப்போயிருக்க வேண்டும். அண்ணனுக்கு அது தெரியாது.

பட்டையை ஒட்டியிருந்த கடைசி வளையங்களை அவர் பார்க்கவில்லை. அன்றைக்கு இருபத்துமூன்று வருடம் தாங்கிய அந்த மரம், இந்த வறட்சியில் ஆறாவது வருடமே செத்துப்போயிருந்தது.