பட்டாணிக்கு எந்தச் சாப்பாடு நல்லது?

"இதுக்கு மேல எந்த உணவை மாத்தச் சொல்றதுன்னு எனக்கே தெரியலம்மா," என்றார் நாய் டாக்டர்.

நர்ஸம்மாவுக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் பகல் முழுக்க நின்ற கால் விண்விண்ணென்று தெறித்தது. மடியில் இருந்த பொமரேனியன் வேறு கல்லாகக் கனத்தது. பெயர் பட்டாணி. வாங்கி வந்த புதிதில் பொருத்தமான பெயர்தான். இப்போது பூசணி என்று கூப்பிட்டால்கூடத் திரும்பிப் பார்க்கும் போலிருந்தது.

"சின்ன ஜாதி நாய்க்குன்னே விக்கறதைத்தான் வாங்கறோம் டாக்டர். சின்ன வாய்க்கு ஏத்த மாதிரி பொடிப்பொடியா இருக்குமே, அது. அப்புறம் பையன் கோதுமை சேராத ஒண்ணை வாங்கினான். பொண்ணு எடை குறைக்கறதுக்குன்னு இன்னொண்ணு."

"எல்லாமே நல்ல உணவுதான். ஆனா பின்னங்கால்ல முட்டி நழுவ ஆரம்பிச்சிருக்கு. இன்னும் எடை ஏறினா நடக்காது. காலை இழுத்துக்கிட்டுத்தான் கிடக்கும்."

நர்ஸம்மா பின்னால் திரும்பிப் பார்த்தாள். கணவர், மகன், மகள் மூவரும் சுவரோரமாக நின்றிருந்தார்கள். சாப்பாடு போடுகிற அத்தனை பேரும் வந்தால்தான் பார்ப்பேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அதனால்தான் இந்தக் கூட்டம். வழி முழுக்கக் காருக்குள் பேச்சே இல்லை. ஓட்டியவரைத் தவிர மற்றவர்கள் தத்தம் போனுக்குள் இருந்தார்கள்.

"யாராவது கூடுதலா போடறாங்களா?"

"சமையலுக்கு ஒருத்தி வந்துட்டிருந்தா டாக்டர். அவ வேலையாத்தான் இருக்கும்னு போன வாரம் நிறுத்திட்டேன்."

"போடறது மட்டுமில்ல, டப்பா வேற மளமளன்னு காலியாச்சு," என்றார் கணவர். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் மகள்.

'நான் ஒரு வாய்கூடப் போடலக்கா' என்று அந்தச் சமையல்காரப் பெண் வாசலில் நின்று சொன்னது நர்ஸம்மாவின் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் இதே மாதிரி கால் வலி. உட்கார வைத்து விசாரிக்கத் தெம்பில்லை. சரி போ என்று கதவைச் சாத்திவிட்டாள்.

டாக்டர் பட்டாணியைத் தூக்கி மறுபடியும் எடை பார்த்தார். போன வாரம் குறித்த எடையோடு ஒப்பிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"அவங்க நின்னப்புறமும் ஏறியிருக்கே?"

பட்டாணியை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"சரி. சாயங்காலச் சாப்பாடு யார் போடறது?"

"நான்தான்," என்றார்கள் நான்கு பேரும்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் காலேஜ் விட்டு வரும்போது வீட்ல யாருமே இருக்க மாட்டாங்க," என்றாள் மகள். "பாவம், பசியோட கதவுகிட்டயே நிக்கும். அளந்து ஒரு கப் போட்டுட்டு டியூஷன் எடுக்கப் போயிடுவேன்."

"நான் வரும்போது தட்டு காலியா கிடக்கும். யாருக்கும் அக்கறை இல்லன்னு நினைச்சு நானும் ஒரு கப் போடுவேன்," என்றான் மகன்.

"நானும் ஒரு கப்தான்," என்றார் கணவர், ஏதோ சிக்கனம் செய்தவர் போல. "டப்பாவுல போட்டிருக்கற அளவு. அதுக்கு மேல போட்டதே இல்ல."

நர்ஸம்மா தன் பங்கைச் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து கடைசியாக வீட்டுக்கு வருகிறவள் அவள். நான் இல்லாவிட்டால் இந்த ஜீவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று மனசு உருகி, அளக்காமலேயே போடுகிறவளும் அவள்தான்.

"போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"கேக்காம இருப்பேனா? தினமும் உள்ள நுழைஞ்சதும் முதல் வேலையே அதுதான். சாப்பிட்டியாடா கண்ணுன்னு கேப்பேன்," என்றார் கணவர்.

"யாரை?"

"பட்டாணியைத்தான்."

மகனும் மகளும் தலையாட்டினார்கள். அவர்களும் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

டாக்டருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "என்னிக்காவது அது சாப்பிட்டேன்னு சொல்லியிருக்கா சார்? உணவை மாத்த வேண்டாம். ஒருத்தர் போடுங்க. மத்தவங்க அந்த ஒருத்தரைக் கேளுங்க. ஒரே வீட்லதானே இருக்கீங்க?"

வெளியே வந்ததும் கணவர் காரை எடுக்கப் போனார். பிள்ளைகள் பழையபடி போனுக்குள் போய்விட்டார்கள். நர்ஸம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. ஒதுங்கி நின்று அந்தச் சமையல்காரப் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"நீ போடலன்னு தெரிஞ்சுடுச்சும்மா. நாங்கதான் ஆளாளுக்குப் போட்டிருக்கோம். மனசுல வச்சுக்காத. நாளையிலேர்ந்து வந்துடு."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"வேற வீடு பாத்துட்டேன்க்கா."

"கோபமா?"

"இல்லாம இருக்குமா? திருடின்னு வாயால சொல்லலன்னாலும் அப்படித்தானே பாத்தீங்க."

நர்ஸம்மாவால் மறுக்க முடியவில்லை. தப்புதான் என்று சொன்னாள். பாதிதான் வெளியே வந்தது. இனி இவள் போனை வைத்துவிடுவாள், நியாயம்தான் என்று நினைத்தாள்.

அவள் வைக்கவில்லை.

"குரல் ஏன்க்கா இப்படிக் கம்மிக் கிடக்கு? நீங்க சாப்பிட்டீங்களா?"