பக்கத்து சீட்

"அப்பா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. சாவிய எடுங்க!"

மகள் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டாயிற்று. அப்பா காதில் விழுந்தால்தானே? ஷோரூம் மாடியறையில் குட்டி போட்ட பூனை மாதிரி குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

கடைக்கு இன்று நாற்பது வயது. முதன்முதலில் விற்ற நீலக் காரை மகள் எங்கேயோ தேடிப் பிடித்துத் திரும்ப வாங்கி, பளபளவென்று துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தாள். அதை அப்பா ரிப்பனைத் தாண்டி உள்ளே ஓட்டி வர வேண்டும். இறங்கி, சாவியை அவள் கையில் கொடுக்க வேண்டும். அதோடு கடை அவளுடையது. அதைப் பார்க்கத்தான் கார் கம்பெனி அதிகாரியும் வந்து உட்கார்ந்திருந்தார்.

"முட்டி வலிக்குதும்மா."

"காலைல படிய ரெண்டு ரெண்டா தாவி ஏறினீங்களே?"

"கண்ணாடிய வேற வீட்லயே வச்சிட்டேன்."

"நெத்தில இருக்கு."

அப்பா நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நம்ம டிரைவரை ஓட்டச் சொல்லேன்."

"நல்லா இருக்கே! கல்யாணம் உங்களுக்கு, தாலி கட்டறது அவரா?"

சிரிப்பு வரவில்லை அவளுக்கு. பன்னிரண்டு வருஷமாக இந்தக் கடையில் ராப்பகலாக உழைத்தவள். நேற்றுதான் சித்தப்பா ஏளனமாகச் சொல்லிவிட்டுப் போனார். "பொம்பளப் புள்ள கையில கடையா? கடைசி நிமிஷத்துல உங்கப்பன் பின்வாங்குவான், பாத்துக்கிட்டே இரு."

கீழே மேனேஜர் மைக்கைப் பிடித்துக் கடையின் வரலாற்றை அளந்துகொண்டிருந்தார்.

"முதல் நாளே நம்ம முதலாளி ஒரு வழக்கம் வச்சாரு! கார் பாக்க வர்றவங்கதான் ஓட்டணும், அவரு பக்கத்து சீட்ல உக்காருவாரு. 'உங்க கைய நம்பறேன், எடுங்க வண்டிய'ம்பாரு. அந்த நம்பிக்கைதாங்க இன்னிக்கு இம்மாம் பெரிய கடையா வளந்து நிக்குது!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "நேராவே கேக்கறேன்ப்பா. எனக்குக் குடுக்க மனசில்ல, அதானே?"

"அடி போடி! போன வாரமே பத்திரத்துல கையெழுத்துப் போட்டாச்சு. மேஜை டிராயர்லதான் இருக்கு, எடுத்துப் பாரு. உன்னை விட்டா எனக்கு யாரு?" சாவியை அவள் கையில் திணித்தார். "நீயே ஓட்டு, தாயே. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

டிராயரைத் திறந்து பார்த்தாள். பத்திரம் இருந்தது. அவள் பேரும் இருந்தது. கண் நிறைந்துவிட்டது.

"அப்புறம் என்னப்பா தயக்கம்? இருபதே அடி. கண்ண மூடிக்கிட்டு ஓட்டிருவீங்க!"

அப்பா எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"சத்தம் போடாதே. நாப்பது வருஷமா வந்தவங்களையெல்லாம் ஓட்டச் சொன்னேனே, அது நம்பிக்கையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எனக்குக் கார் ஓட்டத் தெரியாதும்மா!"