சொந்த விருப்பத்தின் பேரில்

“இவளா?” என்று வாசலிலேயே நின்றுவிட்டார் தலைமை ஆசிரியர். “இவ இங்கே இருப்பான்னு தெரிஞ்சிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன்!”

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் தலை நிமிரவில்லை. பதினேழு வயது. நகக்கண்ணெல்லாம் மரத்தூள். அவள் முன்னால் ஒற்றை வரிக் கடிதம் ஒன்று கிடந்தது. ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ பள்ளியை விட்டு விலகுவதாக எழுதியிருந்தது. சொந்த விருப்பமாம்! கழுத்தைப் பிடித்துத் தள்ளாமல் யாராவது இப்படி எழுதிக் கொடுப்பார்களா?

“உட்காருங்க சார்” என்றார் அந்த இடத்தை நடத்துகிற அம்மாள்.

ஒரு காலத்தில் டயர் கிடங்காக இருந்த கட்டடம் அது. மற்ற பள்ளிகள் ‘தேறாது’ என்று கழித்துக்கட்டிய பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளி நடந்தது. இந்த முறை ஒருவரைத்தான் சேர்த்துக்கொள்ள முடியும். வெளியே பெஞ்சில் இன்னும் நாலு பேர். இந்தக் கதவும் சாத்தப்பட்டால் தட்டுவதற்கு வேறு கதவு கிடையாது.

“இவளை உங்களுக்கு முன்னாடியே தெரியும் போலிருக்கே. சொல்லுங்க, எப்படிப்பட்ட பொண்ணு?” என்றார் அம்மாள். அதோடு கையைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட்டார். இந்த மேஜையில் அவர் அதிகம் பேசுவதில்லை. முடிவும் அவர் கையில் இல்லை.

கேட்டதுதான் தாமதம், தலைமை ஆசிரியர் பிடித்துக்கொண்டார். “போர்டைப் பார்த்து நாலு வரி எழுதச் சொன்னா நாப்பது தப்பு. படின்னா, ‘எழுத்து ஆடுது சார்’ம்பா. எழுத்து ஆடுமாம்! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான். கடைசியில ஒரு நாள் வாத்தியார் மேலயே டஸ்டரை வீசினா.”

“அவர் மேல இல்ல சார், சுவத்து மேல” என்றாள் பெண். முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “என் நோட்டை மொத்த கிளாஸுக்கும் படிச்சுக் காட்டிச் சிரிச்சார். நீங்களும் கதவுகிட்ட நின்னு சிரிச்சீங்க. அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே?”

“பார்த்தீங்களா வாயை!”

“பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கறப்போ எங்கம்மாவைக் கூப்பிட்டீங்க. சலவைக் கடையில அரை நாள் லீவு போட்டுட்டு வந்தாங்க. ரெண்டு மணி நேரம் வராந்தாவுல நிக்க வச்சு, நீங்களே ஒரு வரி சொல்லி எழுத வச்சீங்க. நான் ஃபெயிலானா வாசல்ல கட்டியிருக்கற ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ பேனர் கெட்டுப்போயிடுமேன்னு.”

“ஆமா! உன் ஒருத்திக்காக நாப்பது பிள்ளைங்க பேரைக் கெடுக்கச் சொல்றியா?”

“அப்புறமும் மூணு தடவை வந்தாங்க சார், எப்படியாவது என்னைத் திரும்பச் சேர்த்துக்கச் சொல்லி. ‘சொல்லி அனுப்புறோம்’னீங்க. மூணு தடவையும் அதே பேச்சு. எங்கம்மாவும் வெகுளி, நிஜமாவே சொல்லி அனுப்புவீங்கன்னு வாசலைப் பார்த்துட்டே இருந்தாங்க.”

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அழுகை இல்லை, ஆத்திரம். இரண்டு வருஷமாக அடைத்து வைத்திருந்தது அது. 

பெண் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். இன்னொரு டம்ளரைத் தலைமை ஆசிரியர் பக்கம் நகர்த்தினாள். அவர் தொடவில்லை. மடியிலிருந்த ஃபைலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். இப்போ என்னை மாதிரி ஒருத்தி உங்க கிளாஸ்ல வந்து உட்கார்ந்தா என்ன செய்வீங்க?”

 பக்கத்து அறையில் மரம் இழைத்துக்கொண்டிருந்த இழைப்புளியின் சத்தம் நின்றுவிட்டது. ‘தெரியலை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மனிதர். ‘யோசிக்கணும்’ என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள். ஆனால் முப்பது வருஷம் பிரம்பு பிடித்த கை, சும்மா இருக்குமா?

ஓங்கி மேஜையில் அறைந்தார். “இப்பவும் அதையேதான் செய்வேன்! எழுதி வாங்கிட்டு வெளியே அனுப்புவேன்! உன்கிட்ட எனக்கு என்ன பயம்?”

டம்ளர் சாய்ந்து தண்ணீர் மேஜையெங்கும் ஓடியது. கடிதம் நனையாமல் அவள் சட்டென்று தூக்கிக்கொண்டாள். அடியில் இருந்த கையெழுத்தை ஒருமுறை பார்த்தாள்.

“இந்த வருஷம் உங்க ஸ்கூல்ல ரெண்டு பேர் ஃபெயில், இல்லையா சார்? அதனாலதானே நிர்வாகத்துல உங்ககிட்டயும் இதே வரியை எழுதி வாங்கிட்டாங்க?”

தலைமை ஆசிரியராக இருந்தவர் ஃபைலில் சொட்டிய தண்ணீரைத் துடைத்தார். 

அவள் அம்மாளைப் பார்த்தாள். “வாத்தியாரைப் பிள்ளைங்கதானே தேர்ந்தெடுக்கறீங்க, நீயே சொல்லு” என்று அம்மாள் தலையசைத்தார். கடிதத்தை மடித்து, அதை எழுதியவரிடமே நீட்டினாள்.

“சொல்லி அனுப்புறோம் சார். போறப்போ அடுத்த வாத்தியாரை உள்ளே வரச் சொல்லுங்க.”